தூதரை விடாத சாலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதர் கோராஸ்ட் பிரெமெர்ல் ஒரு மதிய விருந்துக்காக விலாசெர்ராவுக்கு வந்தார்; எங்கள் ஊர்ச் சாலை அவரை நாலரை வருடம் வெளியே விடவில்லை. கத்தலோனியா தனி நாடாக வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடந்து முடிந்திருந்த அடுத்த வசந்தம் அது. ஒன்றியம் கொடுத்த உதவியில் ஹேசல் கொட்டை உலர்த்தும் கொட்டகை ஒன்றைக் கட்டியிருந்தோம். அதைத் திறந்துவைக்கத்தான் வந்தார். நாடா வெட்டினார், சுட்ட தொத்திறைச்சியும் தக்காளி தேய்த்த ரொட்டியும் சாப்பிட்டார், இரண்டு கோப்பை திராட்சை மது குடித்தார். அப்போது எங்கள் மேயர் எவுலாலியா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். மலைப்பக்கத்து ஆடுமாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள், அதனால் எதையும் நேராகக் கேட்டே பழக்கம். நாங்கள் ஸ்பெயினை விட்டு விலகினால் ஒன்றியத்துக்குள் இருப்போமா, வெளியே நிற்போமா என்பதுதான் கேள்வி. தூதர் வாயைத் துடைத்துக்கொண்டு, அது உங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். பிறகு எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் ரேயுஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தபோது பின்னிருக்கை காலியாக இருந்தது. அந்த நேரத்தில் தூதர் எங்கள் சதுக்கத்தில், ராமிரோவின் மதுக்கடை வாசலில், பெட்டியும் கையுமாக நின்றிருந்தார். ராமிரோவின் அப்பா அணை கட்டும் வேலைக்காகத் தெற்கே ஹாயெனிலிருந்து வந்தவர். ராமிரோ பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான் என்றாலும், பிரிவினைப் பேச்சைக் கேட்டாலே அவருக்குக் காது சிவக்கும். அவர்தான் தூதரை முதலில் பார்த்தார்.

"என்னய்யா, எங்கூர்க் காபி அவ்வளவு பிடிச்சுப் போச்சா? அதுக்குள்ள திரும்பிட்டீங்க."

மறுநாள் பேருந்தில் அனுப்பிவைத்தோம். பேருந்து போனது, அவர் சதுக்கத்தில் இருந்தார். கழுதைமேல் ஏற்றினோம், கழுதை மட்டும் அடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் பார்வையிலிருந்து மறைந்தது. திரும்பினால், ஹெலிகாப்டரில் காதில் மாட்டிவிட்ட கருவியோடு நீரூற்றுப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஆள்கடத்தல் என்று தலைநகர் மத்ரீத்தின் பத்திரிகை ஒன்று எழுதியதால் போலீஸ் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். தூதரின் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டு மலையிறங்கியவர், கீழே போய்ச் சேர்ந்தபோது வெறுங்காற்றைக் கோத்துப் பிடித்திருந்தார். கடத்தல் எதுவும் நடக்கவில்லை, சாலையின் நிலை திருப்திகரம் என்று அறிக்கை கொடுத்துவிட்டு அவர் விடுப்பில் போனார். மற்றவர்கள் எல்லோரும் எப்போதும்போலப் போய்வந்துகொண்டுதான் இருந்தோம்.

"நாங்க யாரும் உங்களப் பிடிச்சு வைக்கலய்யா," என்றாள் எவுலாலியா. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தன்னால போயிடுவீங்க."

"சொல்லிட்டேனேம்மா. அது உங்க உள்நாட்டு விவகாரம்."

"அது பதிலில்ல. கதவச் சாத்துற சத்தம்."

ராமிரோ மாடியறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். அந்த வருடம் தூதர் தினமும் காலையில் சாலை வளைவுவரை நடந்துபோவதும், அடுத்த அடியைச் சதுக்கத்தில் வைப்பதுமாக இருந்தார். இரண்டாம் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப்பார்த்தார். எங்கள் பாஷை பேசக் கற்றுக்கொண்டார், முதலில் வசவுகள், பிறகு மற்றவை. கொட்டை அறுவடைக்கு வந்தார், முதுகு பிடித்துக்கொண்டு படுத்தார். சாயங்காலங்களில் எவுலாலியாவும் ராமிரோவும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் தலைக்கு மேலாகவே சண்டை போட்டார்கள்.

"வெளிய தள்ளிட்டா ஹாயென்ல இருக்கற எங்க அக்காவப் பாக்க நான் பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போகணுமா? சொல்லு லாலியா."

"வருசத்துக்கு ஒருதரம் கூட அவளப் பாக்கப் போக மாட்ட. இப்ப மட்டும் அக்கா ஞாபகம் வந்துருச்சாக்கும்."

"போறேன், போகல, அது என் இஷ்டம். கதவுக்கு வெளிய நின்னு யோசிக்க எனக்குப் பிடிக்கல."

"எனக்கு மட்டும் பிடிக்குதா? கண்ணக் கட்டிட்டு ஓட்டுப் போடுங்கன்னு ஊரைக் கேக்க எனக்கு மனசு வரல. அதனாலதான இந்த மனுசங்கிட்டக் கேட்டேன்."

அந்த மனுஷர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வருடம் அவருடைய மகள் நேஷாவுக்குக் கல்யாணம். அப்பா வர முடியாததால் பெண் மாப்பிள்ளை இருவரும் சொந்தக்காரர்களோடு ஸ்லோவேனியாவிலிருந்து இங்கே வந்துவிட்டார்கள். அவர்கள் ஊர்ச் சுருள் ரொட்டியை எங்கள் கொட்டைகளை வைத்துச் செய்தார்கள், கொட்டகையில் விடிய விடிய ஆடினோம். விருந்தாளிகள் போகும்போது அவர் வளைவுவரை வந்து கையசைத்தார். நான்காம் வருடம் ஒன்றியம் அவருக்கு ஓய்வு கொடுத்து வேறொருவரை நியமித்தது. புதியவர் விவரமானவர், பார்சிலோனாவிலிருந்து தொலைபேசியில் மட்டுமே எங்களோடு பேசினார், அதே வாக்கியத்தைத்தான் அவரும் சொன்னார். பழைய தூதர் இப்போது தூதரும் இல்லை. ஆனாலும் சாலை அவரை விடவில்லை.

ஐந்தாம் வருடம் இலையுதிர் காலத்தில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதாக நேஷா தகவல் சொன்னாள். அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறாளாம். அன்று ஞாயிறு, பூசை முடிந்து ஊரே சதுக்கத்தில் நின்றிருந்தது. தொப்பிகூடப் போடாமல் அவர் சாலையில் ஓடினார், அடுத்த கணம் எங்கள் நடுவில் மூச்சிரைக்க நின்றார். மறுபடி ஓடினார், மறுபடி நின்றார். கடைசியில் நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் எவுலாலியாவும் மறுபக்கம் ராமிரோவும் உட்கார்ந்தார்கள்.

"ஏன்யா," என்றார் ராமிரோ, "இப்ப உங்களுக்கு வேலையும் இல்ல. அந்த ஒத்த வாக்கியத்த இன்னும் எதுக்குக் கட்டி அழறீங்க?"

"உண்மையச் சொன்னா உங்க ரெண்டு பேருக்குமே பிடிக்காது."

"பிடிக்கணும்னு யார் கேட்டா?" என்றாள் எவுலாலியா.

அவர் எழுந்து நின்று எங்கள் பாஷையில் பேசினார். "எங்க ஸ்லோவேனியா பெரிய நாட்ட விட்டுத் தனியா வந்தப்போ எனக்கு இருபத்தஞ்சு வயசு. எங்கம்மா ஜன்னலுக்குப் பச்சை வர்ணம் அடிச்சிட்டிருந்தா. தலைக்கு மேல போர் விமானம் போச்சு, அவ ஏணியிலேர்ந்து இறங்கல. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் எங்ககிட்ட வந்து, இது உங்க உள்நாட்டு விவகாரம்னு சொன்னார். எங்கம்மா அவர் முகத்துக்கு நேரா சிரிச்சா. நான் வளந்து அதே ஆளா வந்து உங்க முன்னாடி நின்னேன். கேளுங்க. நீங்க விலகினா அன்னிக்குக் காலையிலயே வெளியதான் நிப்பீங்க. உள்ள வரணும்னா உள்ள இருக்கற அத்தன பேரும் சரின்னு சொல்லணும், நீங்க விட்டுட்டு வந்தவங்களும் அதுல ஒருத்தங்க. எத்தன வருசமாகும்னு எந்த விதியிலயும் இல்ல. எங்களுக்குப் பதிமூணு வருசம் ஆச்சு. ஆனா முடியாதுன்னும் எந்த விதியிலயும் இல்ல. மொதல்ல நாங்க நடந்தோம், விதிய அப்புறம்தான் எழுதினாங்க."

ராமிரோதான் ஆரம்பித்தார்.

"அப்ப வெளியதான். நான் சொன்னேன்ல."

"கடைசியில உள்ள போனாங்கல்ல," என்றாள் எவுலாலியா. "பதிமூணு வருசம்தான? நட்ட மரம் காய்க்கவே ஏழெட்டு வருசம் பொறுக்கறவங்க நாம. ரெண்டு தரம் நட்டதா நெனச்சுக்குவோம்."

"பதிமூணு வருசமும் உன் பேச்ச நான் கேக்கணுமா?"

கோராஸ்ட் இதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். வளைவுவரை நாங்களும் பின்னால் போனோம். அவர் வளைவைத் தாண்டினார். தோளும் தலையும் புதருக்கு மேலே தெரிந்து, பிறகு தலை மட்டும் தெரிந்து, அதுவும் மறைந்தது. ராமிரோ ஓடிப்போய்ச் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, யாருமில்லை என்றார். மூன்றாம் நாள் ஸ்லோவேனியாவிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா கண் விழித்துப் பார்த்தாளாம், இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று திட்டினாளாம், கறிச்சாறு கேட்டு வாங்கிக் குடித்தாளாம். பனிக்காலம் முடியும்வரை அவள் இருந்தாள், மகனும் கூடவே இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் சண்டை குறையவில்லை, தரம்தான் உயர்ந்தது. பிரிய வேண்டும் என்றவர்களில் சிலர் பதிமூன்று வருடத்தை எண்ணி அந்தப் பக்கம் போனார்கள். வேண்டாம் என்றவர்களில் சிலர், இவ்வளவுதானா என்று இந்தப் பக்கம் வந்தார்கள். எவுலாலியா இரண்டு முறை மறுபடி மேயரானாள். இரண்டாவது முறை ராமிரோவும் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று பேச்சு, அவர் அதை மறுக்கிறார். சாலையைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை. போன வருடம் அதற்குப் புதிதாகத் தார் போட்டோம். பிரிவினைக் கட்சியானாலும் ஒற்றுமைக் கட்சியானாலும், இப்போது விலாசெர்ராவுக்குப் பேச வருகிற தலைவர்கள் கையோடு ஒரு வாரத்துக்கு மாற்றுத்துணி எடுத்துவருகிறார்கள். மாடியறையை ராமிரோ சுத்தமாக வைத்திருக்கிறார்.