உருண்டை பிடிக்காத கோஸ்

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு அந்தக் காயின் மேல் ஆசை வந்தது ஒரு பிரிவு உபசார விருந்தில். மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்த டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். விருந்தில் தட்டின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் நாலு பச்சை உருண்டைகளை வைத்திருந்தார்கள். முட்டைக்கோஸைச் சலவைக்குப் போட்டுச் சுருங்கவைத்தது போல இருந்தன. எண்ணெயில் வறுத்து, மேலே உப்பும் மிளகும் தூவியிருந்தார்கள். அவள் தன் பங்கைத் தின்றுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரர் ஒதுக்கிவைத்ததையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

கடைத்தெருவில் தேடினாள். காய்கறிக்காரர் முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டி, பெரிசு இருக்கும்போது சின்னது எதற்கு என்றார். கடைசியில் விதைக்கடையில் ஒரு பொட்டலம் கிடைத்தது. முன்னால் படம், பின்னால் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் குறிப்பு. பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்று போட்டிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று அவள் கணவன் அதற்குக் குட்டிக்கோஸ் என்று பெயர் வைத்தான். அவன் நெடுந்தூர பஸ் ஓட்டுபவன். வாரத்தில் நாலு நாள் வீட்டில் தங்கமாட்டான். அதனால் அந்தச் செல்லப்பெயர் போனிலேயே புழங்கியது. வீட்டிலிருந்த மூன்றாவது ஆளின் காதுக்குப் போகவே இல்லை.

மூன்றாவது ஆள் அவளுடைய மாமனார். சோப்பு ஆலையில் இருபத்தெட்டு வருஷம் தரம் பார்த்தவர். ஓரம் பிதுங்கிய சோப்பு, முத்திரை கோணலாக விழுந்த சோப்பு எதுவும் அவர் கையைத் தாண்டிப் போனதில்லையாம். மூட்டு அறுவை சிகிச்சைக்காக மகன் வீட்டுக்கு வந்தார். மூட்டு சரியான பிறகும் மகன் விடவில்லை. மருமகளுக்கும் அவருக்கும் சண்டையில்லை, மனஸ்தாபமில்லை. பேச்சும் இல்லை. சாப்பிட்டீர்களா மாமா என்று அவள் கேட்பாள், ஆச்சும்மா என்பார் அவர். ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்த இரண்டு பேரைப் போல, கால் இடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

விதை கடுகு மாதிரி இருந்தது. தயிர்க் கிண்ணங்களின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, கிண்ணத்துக்கு இரண்டாகப் போட்டு, குளியலறை ஜன்னலில் வரிசையாக வைத்தாள். ஆறாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் எல்லாம் நூலாக நீண்டு, வெளிச்சத்தைத் தேடித் தலைசாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. குளியலறை வெயில் போதவில்லை. மறுபடி விதைத்து, இந்த முறை பின்கட்டு மதில்மேல் வைத்தாள். பதினொரு நாற்று தேறியது.

நாற்றுக்கு ஐந்தாவது இலை வந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருந்த நிலத்துண்டில் நட்டாள். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விட்டாள். வேரைச் சுற்றி மண்ணைக் குதிகாலால் அழுத்தி மிதித்தாள், இல்லாவிட்டால் உயரமானதும் காற்றில் சாய்ந்துவிடும் என்று குறிப்பில் இருந்தது. சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்ற மாமனார், என்ன செடி என்று கேட்டார்.

கை நிறைய மண். பதில் சொல்லவும் சோம்பல். கோஸ் மாமா என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வரத் தொடங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒரு வாரத்தில் இலையெல்லாம் சல்லடையானது. இலையைத் திருப்பினால் பச்சைப் புழு, அதுவும் இலை நிறத்திலேயே. அவள் வேலை முடிந்து வந்து யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் குனிந்து புழு பொறுக்கினாள். பிறகு பழைய கொசுவலையைக் கிழித்து, குச்சி நட்டு, பாத்திக்கு மேல் கூடாரம் போட்டாள். மறுநாள் காலை பார்த்தால் வலையின் ஓரம் முழுவதும் செங்கல் அடுக்கியிருந்தது, அளந்து வைத்தது போல ஒரே இடைவெளியில். மாமனாரின் கைவேலை அது. அன்றிலிருந்து காலைத் தண்ணீர் அவர் பொறுப்பானது.

மூன்று மாதம் ஓடியது. செடிகள் இடுப்பு உயரம் வந்து, வலையைக் கழற்ற வேண்டியதாயிற்று. இலைக்காம்பு தண்டோடு சேரும் ஒவ்வொரு மூலையிலும் பட்டாணி அளவில் ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். மாமனாரும் பார்த்தார். அவர் பார்த்தது வேறு. கோஸ் என்றால் நடுவில் உருண்டை பிடிக்க வேண்டும். இது பனைமரம் மாதிரி வளர்ந்துகொண்டே போகிறதே தவிர, உச்சியில் ஒன்றையும் காணோம். பாவம், இந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டாளே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுக்கு வெளியூரில் ஐந்து நாள் பயிற்சி வந்தது. தண்ணீர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திரும்பிய அன்று மாமனார் வாசலிலேயே நின்றார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் பின்பக்கம் அழைத்துப் போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை அவள் பார்த்ததே இல்லை.

"உன் கோஸ் ஏன் உருண்டை பிடிக்கலைன்னு கண்டுபிடிச்சிட்டேம்மா. பக்கத்துல பக்கத்துல மொட்டு மொளச்சு சத்தையெல்லாம் அதுங்க உறிஞ்சிடுது. அத்தனையும் கிள்ளிட்டேன். மூணு நாள் ஆச்சு. அந்தக் கடைசி ரெண்டு செடிதான் பாக்கி, முட்டி வலி வந்துடுச்சு."

அவள் பார்த்தாள். ஒன்பது செடிகள் மழமழவென்று நின்றன. ஒரு மொட்டு, அரை மொட்டு, எதுவும் தப்பவில்லை. சோப்பு ஆலையில் அவருக்கு ஏன் நல்ல பெயர் இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. கிள்ளியதெல்லாம் எங்கே என்று கேட்டாள். ஒரு வாளி நிறைய இருந்ததாம், குப்பை வண்டியில் போட்டுவிட்டாராம்.

"ரொம்ப கஷ்டப்பட்டிருக்கீங்க மாமா," என்றாள்.

குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு கணவனை அழைத்தாள். சொல்லும்போது அழுகை வந்தது. அவன் பஸ் நிலையத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு இருமினான், புரையேறியது. சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றான் அவன். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்றாள் இவள். இரண்டு செடி மிச்சமிருக்கிறது, போதும் என்று தீர்மானித்து, அந்த இரண்டையும் தானே பார்த்துக்கொள்வதாக மாமனாரிடம் நயமாகச் சொல்லிவைத்தாள்.

நாலு நாள் அவர் தினமும் உச்சியை எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் டார்ச்சுக்கு பேட்டரி தேடிச் சமையலறை டிராயரைத் திறந்தவர் கையில் விதைப் பொட்டலம் அகப்பட்டது.

படத்தில் ஒரு தண்டு. அதைச் சுற்றி அடிமுதல் நுனிவரை, அவர் கிள்ளிப்போட்ட அதே மொட்டுகள், பெரிதாக, பளபளவென்று.

அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தலைவலி என்றார். சாயங்காலம் டீயும் வேண்டாமென்றார். அவள் யூனிபாரத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"காயைத்தான் நான் கிள்ளிப் போட்டிருக்கேன், இல்லையா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆமா மாமா."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா காட்டினீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வீட்டில் தனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா உட்கார்ந்து தின்கிறவன் என்று நினைத்துவிடப் போகிறாளே என்றுதான் செடிப்பக்கம் போனதாகச் சொன்னார். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், கேட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று தோன்றியதாம். அவளும் மனதிலிருந்ததைச் சொன்னாள். தரம் பார்த்தவர் ஆயிற்றே, சமையலிலிருந்து துணி மடிப்பதுவரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்துதான் அவள் பேச்சைக் குறைத்தாள். அன்றைக்கு என்ன செடி என்று கேட்டபோது நின்று படத்தைக் காட்டியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

"குறையா? நீ துணி மடிக்கிற மாதிரி எங்க ஆலையில ஒருத்தன் சோப்பு அடுக்கினதில்ல," என்றார் அவர். பிறகு டீ இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு பேருமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தார்கள். நுனி உயிரோடு இருந்தால் செடி வளரும், புது இலை விட்டால் புது மொட்டும் வரும். அதனால் நுனியில் கை வைக்காமல் விட்டார்கள். அவர் ஒவ்வொரு செடிக்கும் கம்பு நட்டுக் கட்டினார். மட்கிய உரம் வாங்கி வந்து போட்டார்கள். சாயங்காலங்களில் புழு பொறுக்க இரண்டு பேர் குனிந்தார்கள். அவர் தன் ஆலைக் கதைகளைச் சொன்னார், அவள் எக்ஸ்ரேயில் பார்த்த, யார் யாரோ விழுங்கிய சாவிகளைப் பற்றிச் சொன்னாள்.

கடுங்குளிர் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்தார்கள். தப்பித்த இரண்டு செடிகளில் அடியிலிருந்தே காய். மற்ற ஒன்பதும் கால்சட்டை மறந்து சட்டை மட்டும் போட்டு வந்தவர்கள் மாதிரி, கீழே வெறுமையாகவும் மேலே கொத்துக்கொத்தாகவும் நின்றன. கணவன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தான். மாமனார், சிரிக்கிறதென்றால் இந்தப் பக்கம் பார்த்தே சிரியேன்டா என்றார்.

அவள் காய்களைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் வெட்டுப்பக்கம் பொன்னிறமாகும்வரை வறுத்து, உப்பும் மிளகும் போட்டு மேசையில் வைத்தாள். மாமனார் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். வெகுநேரம் மென்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மாமா."

"எனக்குப் பிடிக்கலம்மா. கசக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அவர் தட்டிலிருந்த மிச்சத்தைத் தன் தட்டுக்கு வழித்துக்கொண்டாள். கணவன் அதில் பாதியைத் தட்டிப் பறித்தான். மாமனார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, அடுத்த பருவத்துக்கு ஒரு பாத்தி தனக்கு வேண்டும், அதில் கேரட் போடப்போகிறேன், அதில் நீங்கள் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.