ஷார்ஜா மெக்கானிக்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததிலிருந்து ரசீதுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு கறி வைங்க" என்று மாமியார் மும்தாஜ் பேகம் சொல்லச் சொல்ல, கரண்ட் போய்விடாதா என்று அவன் மனதுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தான். வேண்டாத நாளில் மூன்று தரம் போகிற கரண்ட், அன்றைக்குக் குத்துக்கல்லாக நின்றது.

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். உபசரிப்புக்குக் குறைவிருக்காது. ஆனால் தும்மினால்கூட வீடே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஆறு வருடத்துக்கு முன் ரசீத் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தான். ஷார்ஜாவில் ஒரு பெரிய மாலின் விளையாட்டுக் கூடத்தில் கேம் மிஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் வேலையாம். கூடம் உண்மை. மிஷின்களும் உண்மை. ரசீத் அங்கே கரடி வேஷம் போட்டு வாசலில் நின்று, வருகிற குழந்தைகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இவன் ரொம்பப் பொருத்தமாகச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மச்சினன் யாசர் வீட்டின் முன்னறையில் நடத்தும் கேம் கடையில், ஆளுயரப் பெட்டி மிஷின் ஒன்றின் மானிட்டர் மங்கிப்போனது. திருநெல்வேலி டவுணில் பழைய டிவி விற்கும் லியோன், பழைய மானிட்டர் ஒன்றைக் கொடுத்து, "நானே வந்து மாட்டித் தாரேன்" என்றிருக்கிறார்.

"வேண்டாம் அண்ணாச்சி. எங்க மச்சான் ஷார்ஜால மெக்கானிக்கு. லீவுக்கு வந்திருக்காவ" என்று பெருமையடித்துவிட்டு, யாசர் அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மச்சான் மாட்டித் தருவதாக ஏற்பாடு.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ரசீதால் கத்தவும் முடியவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனை மழுங்கியிருக்கிறது என்றான், புதிது வந்தது. தலை வலிக்கிறது என்றான். மனைவி ஃபஹ்மிதா தைலம் கொண்டுவந்தாள். நாலு தரம் தண்ணீர் குடித்தான். கடைசியில் மாமனார் அகமது மீரானே நாற்காலியை இழுத்துப் போட்டு, மருமகனின் கைத்திறமையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை ஓடிக்கொண்டிருந்த மிஷினை யாசர் அணைத்தான். பின்பலகையைக் கழற்றினான். உள்ளேயிருந்த மங்கிய மானிட்டரின் முதுகில் தடித்த சிவப்பு வயர் ஒன்று ரப்பர் மூடியோடு ஒட்டியிருந்தது.

"மச்சான், இந்த மூடியப் புடிச்சு இழுத்துரவா?"

"ம். இழு" என்றான் ரசீத். எல்லாம் தெரிந்தவன்போல் பேசிவந்த ஆறு வருடப் பழக்கம் அப்படிச் சொல்ல வைத்தது.

யாசரின் விரல்கள் மூடியை நெருங்கும்போதுதான் ரசீதுக்கு அது ஞாபகம் வந்தது. கரடியின் வாய் ஓட்டை வழியாகப் பார்த்த காட்சி. அணைத்து வைத்த பழைய மிஷின் ஒன்றில் இதே மாதிரி மூடியைத் தொட்ட பிலிப்பைன்ஸ்கார மெக்கானிக், மூன்றடி தள்ளிப் போய் விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தது.

"தொடாத லே!" ரசீத் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டான். "அணைச்சாலும் உள்ள கரண்ட் நிக்கும். தொடாத!"

"நீங்கதான மச்சான் இழுன்னு சொன்னீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுலே. நான் மெக்கானிக் இல்ல. அங்கன கரடி வேஷம் போட்டு நிக்குதேன். ஆறு வருஷமா அதான் என் வேலை."

யாசர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அகமது மீரான் எழுந்தார். மருமகன் முகத்தை அவர் பார்க்கவில்லை. "அந்த லியோனுக்குப் போனப் போடு. அவர் வார வரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது" என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். யாசரும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஒரு சின்னப் பொய்யைக் காப்பாற்ற ஒரு உயிரைப் பலி கொடுக்கப் பார்த்தோமே என்று ரசீதுக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?

ஃபஹ்மிதா மட்டும் நகரவில்லை.

"அந்தக் கரடிக்குள்ள எத்தன மணி நேரம் நிப்பீங்க?"

"எட்டு."

"மாலுக்குள்ளதான? ஏசி இருக்கும்லா?"

"கரடிக்குள்ள ஏசி வராது."

"தெனமும் ராத்திரி போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவீங்களே. அதக் கழட்டிட்டு வந்த பொறவா?"

அவன் தலையாட்டினான்.

"ஒரு நாளாவது முடியலன்னு சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் அவள். "சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். நீங்க அங்கன நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லுதீங்களேன்னு, நானும் ஆறு வருஷமா நல்லா இருக்கேன்னே சொல்லிட்டு வாரேன்."

தன் பொய் ஒன்றுதான் இந்த வீட்டில் இருக்கிறது என்று ரசீத் நினைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்து, "எப்படி இருக்க?" என்று கேட்டான்.

"சொல்லுதேன். மொதல்ல உக்காருங்க" என்றாள் ஃபஹ்மிதா.