இருபதாவது ஆள்

இன்ஹோ மாதிரி ஒரு மடையனை இந்த சியோல் நகரம் பார்த்திருக்காது. மார்ச் முழுக்க எங்கள் துறையின் வரவேற்பு விருந்துகளில் மூத்தவர்கள் ஊற்றிய சோஜு சாராயத்தையெல்லாம் மறுக்கத் தெரியாமல் குடித்தான், காலை வகுப்பில் தூங்கி வழிந்தான், ஏப்ரல் இடைத்தேர்வில் புள்ளியியலில் கடைசி ஆளாக வந்து நின்றான். சம்சோக் என்கிற சின்ன ஊரிலிருந்து வந்த முதலாண்டுப் பையன். நான் இரண்டாமாண்டு, போன வருடம் பயந்து தள்ளிப்போட்ட பாடத்தை இந்தப் பொடியன்களோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

"சோல்பி அக்கா, இந்தப் பாடத்த விட்டுடப் போறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் விடலாமாம்" என்றான்.

உடனே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பாசமா? மண்ணாங்கட்டி! வகுப்பில் இருபது பேர். நூற்றுக்கு முப்பது பேருக்குத்தான் ஏ கிரேடு, அதாவது ஆறு பேர். ஆறாவது நான். இவன் கழன்றால் ஐந்தாகிவிடும். ஏ இல்லையென்றால் அடுத்த பருவம் விடுதியில் எனக்கு அறை கிடையாது. அப்புறம் கோஜே தீவுக்குப் போய் அப்பாவின் மீன்கடையில் செதில் சுரண்ட வேண்டியதுதான்.

நானும் என் தோழி யூன்சலும் அவனைப் பன்றி சூப் கடைக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

"முதல் பருவத்துல விழாதவன் யாருடா? நான் சொல்லித்தர்றேன். பழைய கேள்வித்தாள் எல்லாம் எங்கிட்ட இருக்கு. நல்லா சாப்பிடு" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. கை கழுவ எழுந்து போனான்.

"நீ போடுற நடிப்பு இருக்கே!" என்று யூன்சல் சிரித்தாள்.

"பின்ன? கீழ விரிச்சுப் போட ஒருத்தன் வேணாமா? அவன் படுத்தாத்தான நாம மேல நிக்கலாம்."

வெள்ளிக்கிழமை போயிற்று. அவன் பாடத்தை விடவில்லை. சொன்னபடி கேள்வித்தாள் கட்டைக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் காலத்துக் குப்பை அது, இப்போது இருப்பவர் அப்படிக் கேட்பதே இல்லை. ஆனால் எது குப்பை என்று தெரியாத அந்த மடையன் முதல் பக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தான். மார்ச்சில் தூங்கித் தொலைத்த அடிப்படையெல்லாம் அதில்தான் இருந்தது. புரியாததை என்னிடம் கேட்பான், நான் பாதி சொல்வேன். மீதியை நூலகத்தில் உட்கார்ந்து அவனே கண்டுபிடிப்பான். மே கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

"பரவாயில்லக்கா, நானே பாத்துக்கறேன்" என்றான்.

ஜூனில் முடிவு வந்தது. ஆறாவது ஏ அவனுக்கு. எனக்கு பி பிளஸ். பாவி, நான் வாங்கிக் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு என் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு நான் அழுத அழுகை பக்கத்து அறைக்கெல்லாம் கேட்டிருக்கும்.

விடுதியைக் காலி செய்த அன்று வாசலில் நின்றான். என் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தான்.

"எனக்கு விடுதியில இடம் கெடச்சிருச்சுக்கா. இனிமே அந்த ஜன்னல் இல்லாத வாடகைப் பொந்துல கெடக்க வேணாம்."

"சந்தோஷம்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அன்னிக்கு சூப் கடையில நான் கை கழுவப் போகல. தடுப்புக்குப் பின்னாடிதான் நின்னேன்."

எனக்கு முகம் எரிந்தது. "கேட்டுட்டு ஏன்டா பாடத்த விடல?"

"விட்டிருந்தா உங்க ஏ யாருக்கும் இல்லாமப் போயிருக்கும். வீணாப் போறத நான் எடுத்துக்கிட்டா என்னன்னு தோணுச்சு."

பேருந்து வந்தது. பெட்டியை உள்ளே பத்திரமாக வைத்தான். வயிற்றில் கை வைத்து, மூத்தவர்களுக்குக் கும்பிடுகிற மாதிரி இடுப்பு வளையக் குனிந்தான்.

"மீன்கடையில அப்பாகிட்ட நான் கேட்டதா சொல்லுங்கக்கா."

மூத்தவள் நான்தானே. தலையசைத்துவிட்டு ஏறினேன்.