கருட சேவை அன்று இடம் போதவில்லை

தினசரி காலண்டர் தாளில் ராசிபலனுக்குக் கீழே, யாரும் படிக்காத இடத்தில், ஓர் ஆங்கிலப் பழமொழியும் அதற்குத் தமிழில் அர்த்தமும் இருக்குமே, அதை எழுதுகிறவன் நான்தான். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து. பதினோரு வருடமாக எழுதுகிறேன். அதற்கு முன் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வகுப்பில் தப்பித்தவர்களைக் காலண்டர் வழியாகத் துரத்திக்கொண்டு போகிறேன் என்பாள் ரமாமணி. ரமாமணி என் மனைவி.

காலண்டர் போடுகிறவர் மயில்வாகனம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அவருடைய அச்சகம். பட்டுக்கடைகள் புடவை வாங்க வருகிறவர்களுக்கு வருடப் பிறப்புக்கு இனாமாகக் கொடுக்கிற காலண்டர் இது. ஆடி பதினெட்டுக்குள் அடுத்த வருடத்துக்கு மாதிரி தயாராகிவிட வேண்டும். ஆகவே வருடா வருடம் ஆனி கடைசியில் உட்கார்ந்து வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டுவேன்.

எனக்கு அந்தப் பழமொழிகளின் மேல் பெரிய மரியாதை கிடையாது. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தால் அவன் இரண்டு பறவையைக் கொல்வான். முட்டை பொரிவதற்கு முன் கோழிக்குஞ்சை எண்ணாதே என்று ஒரு வருடம் எழுதினேன். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் கோழி தொங்குகிறதே என்று ரமாமணி அன்றைய தாளைக் காலை காபிக்கு முன்பே கிழித்துவிட்டாள். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று எழுதியபோது மயில்வாகனம் அலறிவிட்டார். "பட்டுக்கடை காலண்டர்ல போய் இத்தப் போட்டுக்கினு இருக்கிறீங்களே சார்! கஸ்டமரு வூட்டுக்குப் போயி ஜரிகைய நகத்தால சொரண்டிப் பாக்க மாட்டாங்களா?" அதுவும் போயிற்று.

எந்தத் தேதிக்கு எந்தப் பழமொழி என்பதற்கு ஒரே ஒரு கணக்குதான் உண்டு, இடம். விரதம், விசேஷம் இல்லாத வெறும் நாளில் தாளின் அடியில் நாலு வரி கிடைக்கும். நீளமானதைப் போடலாம். பிரதோஷம், முகூர்த்தம், நாலு ஊரில் தேர் என்று நிரம்பி வழிகிற நாளில் ஒன்றரை வரிதான் மிஞ்சும். அதற்கென்று குட்டைப் பழமொழிகளாக ஒரு கட்டு தனியாக வைத்திருப்பேன். இதில் அர்த்தம் பார்ப்பதெல்லாம் கிடையாது.

ரமாமணி பார்த்தாள். அவளுக்கு அது பூக்கட்டிப் பார்ப்பது மாதிரி. காலையில் தீர்த்தமாடிவிட்டு வந்து, பெருமாளைச் சேவித்து, பழைய தாளைக் கிழித்து, புதுத் தாளின் அடியைத்தான் முதலில் படிப்பாள். மறுநாள் தாளை முன்கூட்டித் தூக்கிப் பார்க்க விடமாட்டாள். "அசடே, அது நான் எழுதினதுடி" என்று எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

"எழுதினது நீங்கதான். இன்னிக்குன்னு பார்த்து இத வர வெச்சது யாரு?" என்பாள். பெண்ணுக்கு வரன் வந்தபோதும் தாளைப் பார்த்தாள். கிணற்றை மூடுவதா வேண்டாமா என்றும் பார்த்தாள். நல்லபடியாகவே நடந்துகொண்டிருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் ஒரு மணி நேரத்தில் ஒரு கவரோடு திரும்பி வந்து என் மடியில் போட்டாள். மார்பில் கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்த ரிசல்ட். புற்று என்பதைப் படிக்க முப்பது வருட இங்கிலீஷ் தேவையே இல்லை. ஆனால் அதில் இருந்த தேதியைத்தான் மூன்று தடவை படித்தேன். வைகாசி மாதத் தேதி.

சென்னையில் பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போதிலிருந்து இருக்கிறது என்பது. "சித்திரைலேர்ந்து" என்றாள், என்னைப் பார்க்காமல். கட்டி தட்டுப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் ஒரு லேடி டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார். நாலு நாளில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கப் போகவில்லை. ஐந்து மாதம் அந்தக் கவர் அங்கே அலமாரியிலேயே கிடந்திருக்கிறது.

எங்கள் பெண் ஸௌம்யா புனேயிலிருந்து பறந்து வந்து அழுதாள். "ஏம்மா வாங்கலே? ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம்மா!" என்றாள். ரமாமணி, "தோணலைடி" என்றாள். நான் கத்தினேன். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல், படிக்காத முட்டாள் மாதிரி பண்ணிவிட்டாயே என்று கத்தினேன். கட்டி அதற்குள் முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் போயிருந்தது. ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கீமோ ஆரம்பித்தார்கள். தை, மாசி, பங்குனி எல்லாம் அதிலேயே போயிற்று. தலைமுடி போயிற்று. அடுக்களைத் தளிகை வாசனையே ஆகாமல் போயிற்று. எட்டாவது ஊசி முடிந்து இந்த ஆடி முதல் வாரம் டாக்டர் என்னை மட்டும் தனியே அழைத்தார். "இனிமே எந்த மருந்தும் வேலை செய்யாது சார். கொடுத்தா அவங்களுக்குக் கஷ்டம்தான். வீட்டுல வெச்சு வலி தெரியாம பாத்துக்குங்க." வெளியே வந்து ரமாமணியிடம், மருந்துக்குக் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். எழுபது வயதுக் கிழவன் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட நாள் அது.

வீட்டுக்கு வந்த மறுநாள் மயில்வாகனம் வந்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருசம் வேணாம் சார். நான் வேற ஆள வெச்சிப் பாத்துக்கிறேன்" என்றார்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அவரே எழுதட்டும். வேற யாரோ எழுதினா நன்னாருக்காது."

சரி என்று எழுத உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் பாராயணப் புத்தகத்தைக் கேட்டாள். பெருமாள் அலமாரியிலிருந்து எடுத்தபோது நடுவிலிருந்து இரண்டு காலண்டர் தாள்கள் விழுந்தன. இரண்டும் போன வருடத்துத் தாள்கள். ஒன்று, பெருமாள் கருடன் மேல் எழுந்தருளுகிற வைகாசி கருட சேவை அன்றையது. மற்றது ஐப்பசியில் ஒரு நாள், அவள் கவரை என் மடியில் போட்ட அதே நாள்.

கருட சேவைத் தாளின் அடியில் நோ நியூஸ் இஸ் குட் நியூஸ் என்று இருந்தது. கீழே என் தமிழ்: சேதி வராதவரை நல்ல சேதியே. ஐப்பசித் தாளில் எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன். கிழிந்ததும் தைத்துவிட்டால் ஒரு தையலோடு போகும். விட்டுவைத்தால் ஒன்பது தையல் போட வேண்டியிருக்கும். எந்தக் கேட்டையும் தொடக்கத்திலேயே கவனி. மூன்று வரி.

"இது என்னடி?" என்றேன்.

அவள் தாள்களைப் பார்த்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். "டெஸ்ட் எடுத்த எடத்துல அந்தப் பொண்ணு, ஏதாவது இருந்தா நாங்களே ஃபோன் பண்ணுவோம்மான்னு சொன்னா. ஃபோன் வரல. வாங்கப் போறதா வேண்டாமான்னு நாலு நாளா ஒரே கலக்கம். அன்னிக்கு விடியக்காலம் கோபுர வாசல்ல கருட சேவை சேவிச்சேன். நீயே ஒரு வழி சொல்லுன்னு கேட்டேன். ஆத்துக்கு வந்து தாளைக் கிழிச்சா இது. இதைவிடத் தெளிவா ஒருத்தர் எப்படிச் சொல்லுவார்? நிம்மதியா இருந்தேன். அந்த அஞ்சு மாசம் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமோ? அப்புறம் ஐப்பசில இந்தத் தையல் வந்தது. கிளம்புன்னு சொல்றார், கிளம்பினேன்."

கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த இரண்டு தாளும் எனக்கு நினைவிருந்தது.

கருட சேவைக்கு நான் முதலில் போட்டது தையல் பழமொழியைத்தான். நோ நியூஸ் ஐப்பசியில் இருந்தது. அச்சகத்தில் மாதிரித் தாள் பார்த்துக்கொண்டிருந்தபோது மயில்வாகனம் கூப்பிட்டார். "கருட சேவ அன்னிக்கு உங்க தையலு ராகு காலத்து மேல ஏறிக்கினு நிக்குது சார். சின்னதா ஒண்ணு குடுங்க." அன்று கருட சேவையோடு முகூர்த்தம், இரண்டு ஊரில் தேர், ஓர் ஊரில் தெப்பம். தாளில் மூச்சுவிட இடமில்லை. நின்றபடியே காபியைக் குடித்துக்கொண்டு, ஐப்பசியிலிருந்து நோ நியூஸை எடுத்து அங்கே போடச் சொன்னேன். தையலை ஐப்பசிக்குத் தள்ளினேன். டம்ளர் காலியாவதற்குள் முடிந்துவிட்ட வேலை.

அதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் மென்று விழுங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிடும்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராகு காலம், தெப்பம், காபி உட்பட. "நான் மாத்தாம இருந்திருந்தா நீ வைகாசிலயே போயிருப்பே. நான்தான்டி உன்னை..." என்று அதற்குமேல் முடியாமல் அழுதேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுதான் இருந்தது.

அவள் என் கையைப் பிடித்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "எடம் இல்லாம பண்ணினது யாரு? அவரோட சேவைதானே? உங்களுக்கு என்னத்துக்கு இந்தப் பெருமை?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் என்னை மன்னிக்கக்கூட இல்லை. மன்னிக்க அங்கே ஏதோ இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தப்பு செய்தவன் நான் என்று வீட்டில் தெரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். எழுதிக்கொண்டிருந்த அடுத்த வருடத்துப் பழமொழிகளை மூட்டை கட்டி மயில்வாகனத்திடம் கொடுத்துவிட்டு, இனிமேல் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரியெல்லாம் அவளுக்கு முதுகுவலி. இன்று காலை எழுந்ததும், "ஏன்னா, அடுத்த ஊசி உண்டா இல்லையா? நிஜத்தச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் அவள் முதுகுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தேன்.

"சரி, நீங்க சொல்ல வேண்டாம். அந்தத் தாளைக் கிழிச்சு அடியில என்ன இருக்குன்னு படிங்கோ. எனக்கு இப்பல்லாம் அவ்வளவு சின்ன எழுத்து தெரியறதில்லை."

கிழித்தேன். விசேஷம் ஒன்றுமில்லாத வெறும் நாள். அடியில் நாலு வரிக்குத் தாராளமாக இடம். டூ மெனி குக்ஸ் ஸ்பாயில் த ப்ராத் என்று போட்டிருந்தேன். சமையல்காரர்கள் பலர் கூடினால் குழம்பு கெடும். ஒரு பொறுப்பை ஒருவரே ஏற்பது நல்லது.

தலையணையில் அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. இவ்வளவுதான் முகம் என்கிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. அவள் பெருமாளைக் கேட்டுவிட்டாள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உயிர் உள்ளவரை நம்பிக்கை உண்டு" என்று படித்தேன்.

"நிஜமாவா?"

"போட்டிருக்கே."

எட்டு மாதத்தில் பார்க்காத சிரிப்பு அது. இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கி அலமாரியைப் பார்த்துச் சேவித்தாள். "பார்த்தேளா? அவர் விடமாட்டார். ஸௌம்யாவ வரச்சொல்லுங்கோ. ஊசி போட்டுண்டு வந்தப்புறம் ரெண்டு நாள் கூட இருக்கட்டும். எப்போ ஊசி?"

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

"அந்தத் தாளையும் புஸ்தகத்துல வெச்சுடுங்கோ. அந்த ரெண்டோட."

இடம் போதாமல் போட்ட பழமொழி இல்லை இது. மயில்வாகனம் கூப்பிடவில்லை. தேரும் இல்லை, தெப்பமும் இல்லை. எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி தாளை நாலாக மடித்து, புத்தகத்தில் வைத்து மூடினேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.