நேசராணியின் கட்டைவிரலும் மொனராகலைச் சம்மதமும்

டிங்!

அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்ததுதான் நேசராணி செய்த தவறு. துருவிக்கொண்டிருந்த தேங்காய் நழுவியது. துருவியின் பல் வலது கட்டைவிரலைச் சிராய்த்தது. இரத்தம்!

போன் திரையில், போன வாரம் மகளைப் பெண் பார்த்துப் போன மொனராகலை மாப்பிள்ளை சஜீவனின் அம்மா அனுப்பிய செய்தி. "எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனா ஒரே ஒரு விசயம்..."

மீதி உள்ளே இருந்தது. உள்ளே போக அதே கட்டைவிரல் வேண்டும். பூட்டின் நம்பரை நேசராணி எப்போதோ மறந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு நம்பரும் அந்தப் போனுக்குள்தான். பேச்சு முடியும்முன் பெண்ணும் பையனும் நம்பர் மாற்றிக்கொள்வது தோட்டத்து லயத்து வீடுகளில் வழக்கமில்லை.

மகள் ரொஷானி, பதுளையில் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உப்புப் போட்ட கறிக்கே மறுபடி உப்புப் போட்டாள்.

"அவங்க வந்தப்ப நான் பாடினதப் பத்தித்தான் பாராட்டி எழுதியிருப்பாங்க" என்று கணவர் கபிரியேல் காயத்தில் கோப்பித்தூளை அப்பினார். "இப்ப வச்சுப் பாரு புள்ள."

வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை.

மறுநாள் டவுனில் போன் கடை வாஹித் நானா உதட்டைப் பிதுக்கினார். "தங்கச்சி, இன்னும் ஒருக்கா விரல் பிழைச்சா நம்பர் மட்டுந்தான் கேக்கும். பொறகு எல்லாத்தையும் அழிச்சுத்தான் தொறக்க ஏலும்."

ஒரே ஒரு வாய்ப்பு!

ரொஷானி கோப்பித்தூளைக் கழுவி பிளாஸ்டர் ஒட்டினாள். "மேல்தோல்தாம்மா போயிருக்கு. ஓரத்துல இருக்கிற செல்லுங்க தட்டையா விரிஞ்சு, கூட்டமா நடுவுக்கு நகந்து வரும். எதிர்ப்பக்கத்துச் செல்லத் தொட்டதும் நின்னு, ஒன்ன ஒன்னு இறுக்கிப் பிடிச்சுக்கும். ரேகையோட அச்சு அடியில பத்திரமா இருக்கு."

"வந்துட்டாங்களான்னு ஒரு தடவ..." கபிரியேல் பிளாஸ்டர் நுனியைக் கிள்ளினார்.

"அப்பா! நீங்க பிரிச்சா பாதி வழி வந்தவங்களும் பிளாஸ்டரோட போயிடுவாங்க!"

"பதுளை ரயில விட மெதுவா வர்றாங்களே!"

ஞாயிறு பகல். மாதா கோயிலுக்குப் போய்வந்து நேசராணி கண்ணயர்ந்தாள். யாரோ அவள் கட்டைவிரலை மெல்லத் தூக்கினார்கள். பிளாஸ்டர் உரிந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

ரொஷானி!

"அடியே! சட்டமெல்லாம் எங்களுக்கு மட்டுமா?"

"மூடிருச்சும்மா. பாருங்க, பளபளன்னு!"

கபிரியேல் சிலுவை போட்டுக்கொண்டார். நேசராணி விரலை வைத்தாள்.

திறந்தது!

ரொஷானி வாசித்தாள். "ஆனா ஒரே ஒரு விசயம். பொண்ணு பாக்க வந்தப்ப அண்ணன் பாடினாரே, கல்யாணத்துல மட்டும் அவர் பாட வேணாம்."

இருவரும் கபிரியேலையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். மகளின் முகத்தைப் பார்த்தார்.

"சரின்னு அனுப்பு" என்றார் கடைசியில். "பஸ்ல போறப்ப பாடலாமான்னும் கேளு."

ரொஷானி முதல் பாதியை மட்டும் அனுப்பினாள்.