முப்பத்து நான்கு வெறும் கிம்பல்கள்

ராய்ஸ் கிம்பல் பள்ளிப் பேருந்துக் கொட்டகைக்குத் தானே தேடி வந்தான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். அவன் யாரையும் தேடிப் போகிற ஆள் இல்லை. இருபத்தேழு வருஷமாக ஹேஸ்டன் ஊருக்கு அவன்தான் ரோடு கமிஷனர். எந்தச் சாலையில் பனி தள்ளும் வண்டி போகலாம், எதில் போகக் கூடாது என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வர வேண்டும். நான் பேருந்துச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"டெல்ஃபீன், மார்ச் மாச ஊர்க் கூட்டத் தேர்தல்ல எனக்கு எதிரா நிக்கப் போறியாமே," என்றான். "தாராளமா நில்லு. ஆனா உங்கப்பா குடும்பப் பேர்ல நில்லேன். டெல்ஃபீன் கான்யோன்னு. ரெண்டு கிம்பல் நின்னா ஜனங்க குழம்பிப் போயிடுவாங்க."

"ஜனங்க குழம்புவாங்களா, இல்ல உனக்குக் குழப்பமா இருக்கா?"

"நல்லதுக்குச் சொல்றேன். நீ இதுக்கு ஒத்துக்கிட்டேன்னா, உன் ரோடு விஷயத்தையும் கொஞ்சம் பாக்கலாம்."

பார்க்கலாமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நவம்பரில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. சேற்றுக்குளச் சாலையில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது, ஆகவே இந்தக் குளிர்காலம் முதல் அங்கே பனி அள்ளப்படாது, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று அழகாக டைப் அடித்து, கீழே ராய்ஸின் கையெழுத்து. அந்த ஒரே ஒரு வீடு எங்கள் வீடு. அதற்குள் என் புருஷன் ஹார்லன் இருக்கிறான். இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, இருபத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அவனைப் படுக்க வைக்க வேண்டும். வெர்மாண்ட்டில் குளிர்காலம் எத்தனை மாதம் என்று ராய்ஸுக்குத் தெரியாதா?

ஜனவரியில் இரண்டடி பனி விழுந்தது. திங்கட்கிழமை எங்கள் வண்டி வாசலைக்கூடத் தாண்டவில்லை. புதன்கிழமை ஹார்லனுக்கு மூச்சு விட முடியவில்லை, கால் இரண்டும் வீங்கிவிட்டன. விறகு இழுக்கும் சறுக்கு வண்டியில் அவனைப் படுக்க வைத்து, இரண்டு கம்பளியால் சுற்றிக் கட்டி, முக்கால் மைல் தூரம் பெரிய ரோடு வரைக்கும் நானே இழுத்தேன். முழங்கால் வரை பனி. பாதி வழியில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த மனுஷன் அந்த நிலைமையிலும், "நீ இவ்வளவு பலசாலின்னு தெரிஞ்சிருந்தா, விறகு இழுக்கன்னு செத்துப்போன அந்தக் குதிரையை நான் வாங்கியே இருக்க மாட்டேன்டி," என்றான். அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படித் தாமதமானால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே ராய்ஸிடம் போனேன். "விதின்னா விதிதான். நமக்குள்ள உறவு கிறவுன்னு எதுவும் இல்ல பாரு, சலுகை காட்டறதுக்கு," என்றான். அது அவர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு. எங்கள் ஊரில் இரண்டு விதமான கிம்பல்கள் உண்டு. மேட்டுக் கிம்பல்கள், குளத்துக் கிம்பல்கள். ஹார்லன் குளத்துக் கிம்பல், அவனைக் கட்டிக்கொண்டதால் நானும். பதவியெல்லாம் மேட்டில். ராய்ஸ் ரோடு கமிஷனர். அவன் சித்தப்பா வின்ஸ்லோ ஊர்க் கூட்டத்தின் சபைத் தலைவர். அவன் மனைவி லொரீனா ஊர் எழுத்தர். அவன் அக்கா மகன் காவலர். எங்களைப் பற்றி வெளியாள் யாராவது கேட்டால், "அவங்க வேற, பேர் மட்டும்தான் ஒண்ணு," என்பார்கள். கையில் சாணி ஒட்டிக்கொண்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

இப்போது அந்தப் பேரையும் கழற்றிவைக்கச் சொல்கிறான்.

"ராய்ஸ், இருபத்தாறு வருஷமா இந்தப் பேரோட குடும்பம் நடத்தறேன். இது உங்க தாத்தா எழுதி வெச்ச சொத்தா? நான் கிம்பல்தான், கிம்பலாத்தான் நிப்பேன். நீ வேணும்னா உங்கம்மா வீட்டுப் பேர்ல நில்லு. இப்ப வழியை விடு, பசங்களை ஏத்தப் போகணும்."

அவன் காது சிவந்தது. கொட்டகைக் கதவைச் சாத்தாமலே போனான்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூடத்தில் நிற்க இடமில்லை. கீழே சமையலறையில் பீன்ஸும் பன்றித் தொடைக் கறியும் வெந்துகொண்டிருந்தன. ஹார்லனால் கூடத்துப் படிக்கட்டை ஏற முடியாது. பக்கத்தில் போனை வைத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு விழ வேண்டிய ஒரு ஓட்டு வீட்டிலேயே படுத்திருந்தது.

பள்ளி விஷயம், நூலக விஷயம் எல்லாம் முடிந்து, வின்ஸ்லோ மரச்சுத்தியலைத் தட்டினார். "ரோடு கமிஷனர். ராய்ஸ் கிம்பல் பேர் வந்திருக்கு. வழக்கம்போல அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல," என்று பின்வரிசையில் எழுந்தாள் அடிலெய்ட். நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். "டெல்ஃபீன் பேரை நான் சொல்றேன்."

"டெல்ஃபீன்... கான்யோன்தானே?" என்றார் வின்ஸ்லோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"கிம்பல்," என்றேன். "உங்க பேர்தான் தலைவரே. அதுக்குள்ள மறந்துடுச்சா?"

கூடம் சிரித்தது. ராய்ஸும் சிரித்தான், பல்லால் மட்டும்.

"ஒரு பொம்பளை ரோட்டைப் பாத்துக்குவாளா?" என்று ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"பத்தொன்பது வருஷமா உன் புள்ளைங்களை அந்த ரோட்டுலதான் ஏத்திட்டுப் போய் இறக்கி விட்டேன்," என்றேன். "ஒருத்தனையாவது பள்ளத்துல தள்ளினேனா? உன் வீட்டு வளைவுல எத்தனை குழின்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒன்பது."

ஆளுக்கொரு வெள்ளைச் சீட்டு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பதவிக்கு எப்போதுமே ஒரே ஒரு கிம்பல்தான் நிற்பான் என்பதால், எல்லோரும் சீட்டில் வெறுமனே 'கிம்பல்' என்று எழுதி, பழைய மேப்பிள் பாகு டின்னில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். முதல் பேர் எழுத யாருக்கும் கை வந்ததே இல்லை. அன்றைக்கும் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் போட்டவர்கள் நிறையப் பேர்.

சாப்பாடு முடிந்து, லொரீனா டின்னைத் திறந்து ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து மூன்று குவியல் வைத்தாள். மூன்று குவியல் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு சீட்டைப் பிரித்தபோது அவள் கை சற்று நின்றது. பிறகு அதை மூன்றாவதில் வைத்தாள்.

"மொத்தம் தொண்ணூத்தி மூணு," என்று எழுந்து வாசித்தாள். "ராய்ஸ் கிம்பல், முப்பத்திரெண்டு. டெல்ஃபீன் கிம்பல், இருபத்தியேழு. வெறும் கிம்பல்னு மட்டும் எழுதினது, முப்பத்தி நாலு."

கூடம் கசகசவென்று பேசியது. எனக்கு விஷயம் சட்டென்று புரிந்தது. பாதிப் பேருக்குப் பழக்கம். மீதிப் பேருக்குப் பயம். இருபத்தொரு வருஷமாக நாய் உரிமத்திலிருந்து சாவுச் சான்றிதழ் வரை லொரீனாவின் மேஜைக்குத்தான் போகிறது. ஊரில் யார் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். டெல்ஃபீன் என்று எழுதினால் அன்றைக்கு ராத்திரியே ராய்ஸுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்து, யார் கேட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று 'கிம்பல்' என்று மட்டும் எழுதிவிட்டு ஒளிந்துகொண்டார்கள்.

வின்ஸ்லோ தொண்டையைச் செருமினார். "இந்தச் சபைல கிம்பல்னு எழுதினா பதவியில இருக்கறவரைத்தான் குறிக்கும். அதுதான் வழக்கம். ஆகவே அந்த முப்பத்தி நாலும் ராய்ஸுக்கு." சுத்தியலைத் தூக்கினார்.

"அதைக் கீழ வைங்க!"

நான் கத்தியது எனக்கே கேட்டது. எழுந்துவிட்டேன்.

"எங்க வீட்டுக்குப் பனி அள்ளணும்னா நாங்க வேற கிம்பல், உறவே இல்ல. சீட்டை எண்ணும்போது மட்டும் ஊர்ல இருக்கற எல்லாக் கிம்பலும் உங்க வீட்டுக் கிம்பலா? நல்லா இருக்கே உங்க நியாயம்! என் புருஷனைச் சறுக்கு வண்டியில வெச்சு முக்கா மைல் இழுத்தேன். இழுத்தவ பேரும் கிம்பல்தான், கெடந்தவன் பேரும் கிம்பல்தான். இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அவன் செத்துப்போவான். அதைத் தெரிஞ்சுக்கிட்டே ராய்ஸுக்குப் போடறவங்க போடுங்க. ஆனா என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. சபையைப் பிரிக்கச் சொல்லிக் கேக்கறேன்."

சபையைப் பிரிப்பது என்றால் சீட்டு கிடையாது. ராய்ஸை ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கம், என்னை ஆதரிப்பவர்கள் கூடத்தின் கணப்பு அடுப்புப் பக்கம். எழுந்து நடந்து போய் நிற்க வேண்டும். ஏழு பேர் கேட்டால் சபைத் தலைவர் மறுக்க முடியாது.

"ஏழு பேர் வேணும்," என்றார் வின்ஸ்லோ. "நீ ஒருத்தி."

அடிலெய்ட் எழுந்தாள். பால் பண்ணை பாமராய் அண்ணன் தம்பி இரண்டு பேரும் எழுந்தார்கள், நான்கு. பள்ளிக்கூடச் சமையல்காரி கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள், ஐந்து. போன வருஷம் குடிவந்த ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தையோடு. ஆறு. அவ்வளவுதான். அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. யாரையும் கெஞ்சுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ராய்ஸுக்கு ஜல்லி விற்கிற வெண்டல் முன்வரிசையில் மெதுவாக எழுந்தான்.

"என்னய்யா வெண்டல்?" என்றான் ராய்ஸ்.

"ஒண்ணுமில்ல. முட்டி வலிக்குது."

"அப்ப உக்காரு."

"இல்ல ராய்ஸ். நின்னாத்தான் நல்லாருக்கு."

ஏழு.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. சீட்டில் ஒளிந்தவர்களுக்கு இப்போது ஒளிய இடமில்லை. சிலர் ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்து, நின்று, தலையைக் குனிந்துகொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார்கள். ஒன்பது குழிக்காரன்கூட என் பக்கம் வந்து, "வளைவை முதல்ல சரி பண்ணுவியா?" என்று காதோரம் கேட்டான். "முதல்ல நில்லு," என்றேன். எதிர்ப்பக்கமும் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. நான் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்த பெண் அந்தப் பக்கம் நின்றாள். வலித்தது. அவள் புருஷன் ராய்ஸிடம் வேலை பார்க்கிறான், தெரியும். தெரிந்தும் வலித்தது.

லொரீனா நடுவில் நின்று விரல் நீட்டி எண்ணினாள். ஒருமுறை எண்ணி, சந்தேகப்பட்டு, இன்னொரு முறை எண்ணினாள்.

"ராய்ஸ், நாப்பத்தி ஆறு. டெல்ஃபீன், நாப்பத்தி ஆறு."

சமமாக வந்தால் சபைத் தலைவர் ஓட்டுப் போடலாம், சமமாக வந்தால் மட்டும்தான். வின்ஸ்லோ நிதானமாகச் சுத்தியலை எடுத்தார். ராய்ஸ் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, இருங்க," என்றாள் லொரீனா. "கணக்கு இன்னும் முடியல. சீட்டு தொண்ணூத்தி மூணு. நிக்கறது தொண்ணூத்தி ரெண்டு."

"யாரு பாக்கி?"

"நான்தான்."

ராய்ஸ் சிரித்துக்கொண்டே தன் பக்கத்தில் கொஞ்சம் விலகி அவளுக்கு இடம் விட்டான். லொரீனா அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

"அந்த முப்பத்தி நாலு சீட்டுல ஒண்ணு என்னுது ராய்ஸ்," என்றாள். "நானே எழுதி, நானே எடுத்து, நானே படிச்சேன். முழுசா எழுத எனக்கே தைரியம் வரல. அவங்களுக்குப் போன கடிதத்தை டைப் அடிச்சதும் நான்தான். ஒத்துழைப்புக்கு நன்றின்னு கடைசி வரியை நீ சொல்லல, நானாச் சேத்தேன். நாலு மாசமா அந்த வரி என்னைத் தூங்க விடல."

"லொரீனா! நீ ஒரு கிம்பல்!"

"ஆமா. அவளும்தான்."

கூடத்தின் நடுவே நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எழுத்தர் குரலில், "டெல்ஃபீன் கிம்பல், நாப்பத்தி ஏழு," என்று சத்தமாக வாசித்தாள். வின்ஸ்லோ ராய்ஸுக்காக எடுத்த சுத்தியலால் அந்த முடிவைத்தான் தட்டி அறிவிக்க வேண்டியிருந்தது.

பனிவண்டிச் சாவியை ராய்ஸ் வாசலில் வைத்துக் கொடுத்தான். "ஒரு வருஷம்தான். அடுத்த மார்ச்ல பாக்கலாம்."

"பாக்கலாம். அப்பவும் இதே பேர்லதான் நிப்பேன்."

மறுநாள் புதன்கிழமை. ஓர் அடி பனி விழுந்திருந்தது. ஊரின் பெரிய மஞ்சள் பனிவண்டியை நானே ஓட்டிக்கொண்டு, மற்ற எல்லாச் சாலைக்கும் முன்னால் சேற்றுக்குளச் சாலைக்குள் திருப்பினேன். சொந்த வீட்டு வழியை முதலில் அள்ளினாள் என்று பேசுவார்கள், பேசட்டும். ஹார்லன் ஆஸ்பத்திரிப் பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"கமிஷனரம்மா, இனிமே அந்தச் சறுக்கு வண்டி எதுக்கு? உடைச்சு அடுப்புல போட்டுடவா?"

"அதைத் தொட்டா கையை உடைப்பேன்," என்றேன். "அடுத்த மார்ச்ல கூட்டத்துக்கு அதையும் இழுத்துட்டுப் போகணும். ஏறு."