லிங்கசாமியின் இடது சேனல்

லிங்கசாமி நடத்திய கம்பெனியின் பெயர் நியூ குளோபல் லேபிள்ஸ் இன்டர்நேஷனல். ஒரு தகர ஷெட், நான்கு பிரிண்டிங் டேபிள், ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே அச்சடித்த பெயர்களை வைத்துப் பார்த்தால் இன்டர்நேஷனல் என்பதில் பொய்யில்லை. திருப்பூர் பனியனின் கழுத்துக்குள் இத்தாலியையும் பிரான்சையும் ஏற்றிவிடுவதுதான் அவர் தொழில். ஆர்டர் தருகிற பார்ட்டி பெயரின் பிலிமைக் கொண்டுவந்து கொடுப்பார், லிங்கசாமி ஸ்கிரீன் போட்டு அச்சடிப்பார். யார் பெயர், யாருடைய அனுமதி என்று கேட்பதில்லை. கேட்கிற சுபாவம் உள்ளவர்கள் லேபிள் தொழிலுக்கு வருவதுமில்லை. துணி என்று மட்டும் இல்லை. சாவிக்கொத்து, அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் டம்ளர், ஒருமுறை கோயமுத்தூர்க்காரர் ஒருவர் சாக்கில் கொண்டுவந்த நானூறு இரும்பு வில்லைகள், எதை நீட்டினாலும் அச்சடித்துக் கொடுத்தார்.

தன் வீட்டுக்குள் மட்டும் ஒரிஜினல்தான் இருக்கவேண்டும் என்பதில் கறாராக இருந்தார்.

அந்த ஒரிஜினல் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். எழுபத்தேழில், பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியது. பதினான்கு வருஷமாக அதன் மூடியை யாரையும் திறக்க விட்டதில்லை. திறந்தால் ஒரிஜினாலிட்டி ஆவியாகிவிடும் என்று நம்பினார், ஏதோ சென்ட் பாட்டில் மாதிரி.

பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர், எதிரே இரண்டு நாற்காலிகள். வலதுபுறம் லிங்கசாமிக்கு. இடதுபுறம் சாமளாபுரத்தில் பதினாறு தறி ஓட்டுகிற சுப்பண்ணனுக்கு. ஞாயிறு நான்கு மணிக்கு மொபெட்டில் வருவார், ஆறு மணிக்குப் போவார். லிங்கசாமியின் மனைவி குழந்தையம்மாள் மகளின் பிரசவத்துக்கென்று ஈரோடு போனவர்; பிறந்த குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு. பிரசவம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. ஆகவே அந்த வீட்டில் ஒரு வாரம் முழுக்க இன்னொரு மனிதக் குரல் கேட்பது இந்த இரண்டு மணி நேரம்தான்.

சுப்பண்ணன் சும்மா கேட்கிறவர் இல்லை, தீர்ப்புச் சொல்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்குவார்.

"செபரேஷனப் பாருங்க. வயலின் உங்க பக்கம், புல்லாங்குழல் எம்பட பக்கம். கத்திரி போட்டு வெட்டுன மாதிரி. குண்டூசி எந்த ஸ்பீக்கர்ல உழுந்துதுன்னு சொல்லிருவனுங்க நானு."

இந்த ஊரில் பெட்டியின் அருமை தெரிந்த காது ஒன்றாவது இருக்கிறதே என்று லிங்கசாமிக்கு நிறைவாக இருக்கும்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, இடது ஸ்பீக்கர் பட்டென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஊமையானது. இசைத்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஜோடிப் பாட்டு. ஆண் குரல் வலது, பெண் குரல் இடது. அவன் ஒரு வரி கேட்டான். பதில் இல்லை. கொஞ்ச நேரம் வீணை மட்டும் போயிற்று. மறுபடி கேட்டான்.

சுப்பண்ணன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "ஒத்தக் கண்ணுல சினிமாப் பாக்கற மாதிரி இருக்குதுங்க. நம்மளால ஆகாது. ரெடி பண்ணிப்போட்டுச் சொல்லியுடுங்க, வந்தர்றேன்."

பல்லடம் ரோட்டு ரேடியோ மெக்கானிக் மயில்சாமி பெட்டியின் மூடியைத் திறந்தபோது லிங்கசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு டிரான்சிஸ்டர் போயிருச்சுங்க" என்றார் மயில்சாமி. "இந்த நம்பர் பண்றத ஜப்பான்காரனே உட்டுட்டானுங்க. நம்ம நாட்டுது ஈக்வலன்ட் இருக்குது. போட்டர்லாங்களா? நல்லாப் பாடுமுங்க."

"ஏன் மயில்சாமி, எம்பட பெட்டிக்குள்ள டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட் இல்லீங்க. அதும் சொந்தப் பேரப் போட்டுத்தான் வருதுங்க."

"எனக்கு இந்த நம்பர்தான் வேணும்."

தன் பெயரையே போட்டுக்கொண்டு வருகிற பொருள் மீது லிங்கசாமிக்கு எப்போதும் மரியாதை இருந்ததில்லை.

நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு கோயமுத்தூரில் கடை கடையாக ஏறினார். பெங்களூருக்கு இரண்டு கடிதம் போட்டார். ஒன்றுக்குப் பதில் வந்தது, இல்லை என்று. ஒன்பது ஞாயிறு போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு இரண்டு நாற்காலிகளையும் துடைத்துப் போட்டார். தெருவில் போகிற மொபெட்டுகளில் எது யாருடையது என்று சத்தத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. போன் போட்டு, சும்மா வாங்க, பேசிட்டு இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வயதான ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையைச் சும்மா வரச் சொல்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. கிடாவெட்டு, வரன், வரப்புத் தகராறு என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். லிங்கசாமியிடம் இருந்த ஒரே காரணம் மூடி திறந்தபடி கிடந்தது.

பத்தாவது வாரம் மெட்ராஸுக்கு ரயிலேறினார். ஏழெட்டுக் கடை கைவிரித்த பிறகு, ஒரு சந்தில் ஒருவர் அட்டைப் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து இரண்டை எடுத்து வைத்தார்.

"கடைசி ரெண்டு பீஸ் சார். அசல் ஜப்பான். நம்பரை நீங்களே பாத்துக்கங்க."

லிங்கசாமி பார்த்தார். நம்பரை அல்ல, அச்சை. பொடி எழுத்து, இரும்பின் மேல், மை பரவாமல், விளிம்பு கூர்மையாக நின்றது.

"பாருங்க" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். "இந்த ஃபினிஷிங் நம்மூர்ல எவனுக்காவது வருமா? நானும் இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறனுங்க. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்."

கடைக்காரர் பணிவாக ஒத்துக்கொண்டார்.

ஊர் வந்ததும் முதல் வேலையாக, இன்னும் மாட்டாத டிரான்சிஸ்டர்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சாமளாபுரத்துக்குப் போன் செய்தார். "ரெடிங்க. ஞாயித்துக்கெழம வந்துருங்க."

சனிக்கிழமை காலை மயில்சாமி மாட்டினார். பத்து நிமிஷம் பாடியது. பிறகு வெடி வைத்தது போல ஒரு சத்தம், புகை. மயில்சாமி இரண்டையும் கழற்றி, ஒன்றின் தலையை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்.

"உள்ளாறப் பாருங்க, சில்லு கடுகாட்டத்தான் இருக்குது. சின்ன டிரான்சிஸ்டர எடுத்து, மண்டையச் சொரண்டிப்போட்டுப் பெரிய நம்பர் அடிச்சிருக்கறானுங்க. ஆனா எவனோ நல்ல வேலைக்காரனுங்க. அச்சு மட்டும் அப்படியே நிக்குது பாருங்க."

அறுபடாத மற்றதை லிங்கசாமி வாங்கி, துணியில் இழை எண்ணுகிற லென்ஸை வைத்துப் பார்த்தார். நம்பரின் கடைசி எண் ஏழு. அதன் கால் நுனியில் ஒரு சின்ன வளைவு. ஜப்பானில் ஏழுக்கு அப்படி வளைவு கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் ஷெட்டில் ஒரு ஸ்கிரீனில் ஏழின் கால் அடைத்துக்கொண்டது. பிரஷ்ஷால் தொட்டு அதைத் திறந்துவிட்ட தன் கையின் வளைவு அது. கோயமுத்தூர்க்காரர், சாக்கு, நானூறு வில்லை. மோட்டார் சாமானாக இருக்கும் என்று நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்பதுகூட அதிகம், கேட்கவில்லை.

"யாரு வேலைன்னு தெரியுதுங்களா?" என்றார் மயில்சாமி.

"தெரியலீங்க."

"போர்டும் சேர்ந்து கருகிருச்சு. இனி லெஃப்ட்டுக்கு ஈக்வலன்ட்டும் ஆகாதுங்க."

லிங்கசாமி லென்ஸை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். "நாளைக்கு நாலு மணிக்கு ரெண்டு ஸ்பீக்கரும் பாடோணும் மயில்சாமி. எப்படியாவது."

மயில்சாமி மோனோ பொத்தானை அமுக்கி, வலது பக்கத்திலிருந்தே இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுத்தார். "ரெண்டுலயும் ஒண்ணேதான் வருமுங்க. ஸ்டீரியோ இல்ல. காது தெரிஞ்சவங்க ஒரு வரியில கண்டுபுடிச்சருவாங்க."

ஞாயிறு நான்கு மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. சுப்பண்ணன் ஒரு சீப்பு பூவம்பழத்தோடு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை மடியில் போட்டுக்கொண்டார். லிங்கசாமி அதே ஜோடிப் பாட்டைப் போட்டார். அவரால் உட்கார முடியவில்லை. கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் முதல் வரி வரைதான் இருந்தது. அதற்குப் பிறகு, கண்டுபிடிக்கட்டும் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சாக்கு, மெட்ராஸ் கடையில் எடுத்த பாடம், ஏழின் கால். சொன்னால் சுப்பண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பார். கூடச் சேர்ந்து தானும் சிரித்துவிடலாம்.

சுப்பண்ணன் கண்ணை மூடினார். அவன் கேட்டான்; அவள் பதில் சொன்னாள்; இரண்டும் இரண்டு ஸ்பீக்கரிலும் கட்டிப் புரண்டு வந்தன. விரல் மேலே போயிற்று.

"இப்பப் பாருங்க செபரேஷன! அவன் உங்க பக்கம், அவ எம்பட பக்கம். ஒரிஜினல் சாமான் போட்டா அது தனிதானுங்க. லோக்கல் போட்டிருந்தீங்கன்னா நான் வாசல்லயே கண்டுபுடிச்சிருப்பேன்."

"ஆமாங்க" என்றார் லிங்கசாமி.

"அடுத்த வாரம் புல்லாங்குழல் தட்டு ஒண்ணு வச்சிருந்தீங்களே, அதப் போடுங்க."

"போட்டர்லாங்க."

ஆறு மணிக்கு மொபெட் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. லிங்கசாமி பாட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, சுப்பண்ணனின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தும் கேட்டுப் பார்த்தார். எதுவும் தனியாகக் கேட்கவில்லை.